பல்லுக்குத் தெரிந்த வயது

போன வாரம் நாம் விட்டுவந்த இடத்திலேயே டாக்டரம்மா இன்று காலையும் உட்கார்ந்திருக்கிறாள். அதே சாப்பாட்டு மேசை, அதே செல்போன். போனில் இருப்பது சம்பந்தியம்மாவின் கடைவாய்ப்பல் எக்ஸ்ரே. அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த வெள்ளைக் கோடு அங்கேயேதான் கிடக்கிறது.

பல்லின் வேருக்குள் விட்டுச் சுரண்டிச் சுத்தம் செய்கிற மெல்லிய ஊசிக்கு ஃபைல் என்று பெயர். அதன் நுனி, எள்ளில் பாதிகூட இராது, சம்பந்தியம்மாவின் வேருக்குள் முறிந்து மாட்டிக்கொண்டது. முறிந்ததை டாக்டரம்மா அப்போதே பார்த்தாள். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. “இன்னொரு தடவை வரணும் சம்பந்தி” என்று சிரித்து மழுப்பி, மேலே தற்காலிகமாக அடைத்து அனுப்பிவிட்டாள்.

வேறு யாருடைய வாயாக இருந்தாலும் சொல்லியிருப்பாள். இத்தனை வருஷத் தொழிலில் இரண்டொரு முறை நடந்ததுதான், நடந்தபோதெல்லாம் சொன்னவள்தான். ஆனால் இது அடுத்த மாதம் தன் மகளை மருமகளாக அழைத்துப்போகப் போகிறவளின் வாய். அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொண்டது.

போதாக்குறைக்கு, வம்பை விலைகொடுத்து வாங்கியதும் அவளேதான். குடியிருப்போர் சங்கத்துக் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள் என்று போனாளே, அங்கே மைக்கைப் பிடித்ததும் உற்சாகம் தலைக்கேறிவிட்டது. ஒரு காலத்தில் ரூட் கெனாலுக்கு வந்தவர்கள் எல்லாம் நாற்பது, ஐம்பதுக்காரர்கள். இளசுகளின் பல் அவ்வளவு கெட்டிருக்காது. பெருசுகளோ, பிடுங்கிவிடுங்கள், சனியன் விட்டது என்பார்கள். இப்போது என் நாற்காலியில் வயதின் இரண்டு ஓரமும் நிரம்பி வழிகிறது என்றாள். காலையில் இருபதுகளில் இருக்கிற பிள்ளைகள், குளிர்பானமும் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதும் கொடுத்த கைங்கரியம். மாலையில் எழுபதைத் தாண்டியவர்கள், இருப்பதைக் காப்பாற்றிக் கொடு என்று கேட்பவர்கள். “ரூட் கெனாலுக்கு வயசு ஒரு தடையே இல்லை” என்று முடித்தாள். கைதட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கைதட்டியது சம்பந்தியம்மா. மறுநாளே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இன்று காலை மாப்பிள்ளையின் போன் வந்தபோது டாக்டரம்மாவின் கையில் இருந்த காபி ஆறிப்போயிருந்தது. அம்மாவுக்கு ராத்திரி முழுக்க வலி அத்தை, கன்னம் லேசாக வீங்கியிருக்கிறது, மதியம் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டான். வா என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

கணவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். அவரும் பல் டாக்டர்தான். இவள் பல்லைக் காப்பாற்றுகிறவள், அவர் எடுக்கிறவர். வீட்டில் அவருக்குக் குறடு என்று பெயர். ஊர் உலகமெல்லாம் பல்லைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டால் என் கதி என்ன, என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாயே என்று மனைவியைச் சீண்டுவது அவருடைய தினசரிப் பொழுதுபோக்கு. இன்று சீண்டவில்லை.

“இங்க பாரும்மா. வலி வந்தாச்சு. பல்லு இனிமே தாங்காதுன்னு சொல்லிடு. நான் எடுத்துடறேன். துண்டும் பல்லோட போயிடும். அப்புறம் யாரு வந்து என்ன கேக்கப்போறாங்க?”

கெட்ட மனிதர் இல்லை அவர். மகள் கல்யாணம் என்றால் தூக்கம் வராத தகப்பன். அந்தத் துண்டு வேருக்குள் இருக்கிற வரை, எந்த ஊரில் எந்த டாக்டர் எக்ஸ்ரே எடுத்தாலும் காட்டிக்கொடுக்கும். பல்லே போய்விட்டால் சாட்சியும் போயிற்று. கேட்கக் கேட்க டாக்டரம்மாவுக்கு அது எவ்வளவு சுலபம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்குப் பயமாக இருந்தது.

மகள் தலையைத் துவட்டிக்கொண்டே அறையிலிருந்து வந்தாள். கட்டட வரைபடம் போடுகிற வேலை அவளுக்கு. கோணலாக ஒரு கோடு இருந்தாலும் விடமாட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“அம்மா, அந்த வீட்ல போய் வாழப்போறது நான். நீ மறைச்சது பின்னாடி தெரிஞ்சா, தினம் அவங்க முகத்துல முழிக்கப்போறதும் நான்தான். சொல்லிடும்மா.”

சொன்னால் என்ன ஆகுமோ என்று குறடு இழுத்தார். கல்யாணம் நின்றால் நிற்கட்டும் என்று மகள் சொல்லவில்லை. அதைச் சொல்ல அவளுக்கும் தைரியம் இல்லை. தலை துவட்டிய துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

கிளினிக்கில் முதல் ஆளாக வந்தது ஒரு இளம்பெண். போனில் வாடிக்கையாளர்களின் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொள்கிற வேலை. பகலெல்லாம் சிரித்துப் பேசிவிட்டு, இரவெல்லாம் பல்லைக் கடிப்பாளாம். இந்த வயசிலேயே எனக்கு ரூட் கெனாலா டாக்டர், வெளியில் சொன்னால் வெட்கக்கேடு என்று கண்கலங்கினாள். வழக்கமாக இதற்கு டாக்டரம்மாவிடம் ஒரு ஜோக் உண்டு. இன்று அது நினைவுக்கு வரவில்லை. “உன் வயசுலதான் இப்ப நிறைய பேர் வர்றாங்க” என்று மட்டும் சொல்லி, கையுறையை மாட்டினாள்.

பல்லைத் திறந்தாள். இளம் பல் அல்லவா, உள்ளே தாராளமாக வழி இருந்தது. ஃபைல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கவனம் சிதறிய கைக்கும் இடம் கொடுக்கிற பல்.

அப்போதுதான் சம்பந்தியம்மாவின் படம் மறுபடி கண்முன் வந்து நின்றது. வயது ஏற ஏற, பல் உட்புறச் சுவருக்குப் பூச்சு மேல் பூச்சாகப் பூசித் தன் வழியைத் தானே சுருக்கிக்கொள்ளும். அறுபத்தொன்று என்று சொன்னாள் சம்பந்தியம்மா. அந்தப் பல்லில் வழி என்று சொல்ல ஒன்றுமே இல்லை, பென்சிலால் இழுத்து ரப்பரால் அழித்த மாதிரி ஒரு தடம் மட்டும். மாலையில் வருகிற எழுபதுக்காரர்களிடம் அவள் தினம் பார்க்கிற படம் அது. பார்த்த உடனே நிதானித்திருக்க வேண்டும். சிலருக்கு அப்படி இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அறுபதுக்குப் போடுகிற அளவு ஃபைலைப் போட்டு, அறுபதுக்குப் போகிற வேகத்தில் போனாள். மைக்கில் விட்ட சவடால் காதில் ஒலித்துக்கொண்டிருந்த நேரம் வேறு. படம் சொன்னதைக் கேட்காமல் சம்பந்தியின் வாய் சொன்னதைக் கேட்டாள். மாட்டிக்கொண்டாள்.

மதியம் வந்தார்கள்.

மாப்பிள்ளை ஒரு கையில் அம்மாவின் கைப்பையும் மறு கையில் அம்மாவுமாக வந்தான். ஆடிட்டர். பேச்சிலும் நடையிலும் அளவு தப்பாத பிள்ளை. அம்மாவுக்கு வலி என்றதும் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அதைப் பார்த்ததும் டாக்டரம்மாவுக்கு அவன் மேல் பிரியம் பொங்கியது, கூடவே பயமும். இப்படிப்பட்ட இடம் இன்னொன்று கிடைக்குமா?

சம்பந்தியம்மாவுக்கு வலியிலும் கொண்டை கலையவில்லை. சாயம் பூசிய தலை, கஞ்சி போட்ட சேலை, நிமிர்ந்த முதுகு. ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கிற ஆலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். நூறு தையல் எந்திரங்களை அதட்டிப் பழகிய குரல் இன்று கன்னத்துக்குள்ளேயே அமுங்கிக் கிடந்தது.

பக்கத்து அறையில் குறடு பல் எடுக்கிற சாமான் தட்டைத் தயாராக வைத்துவிட்டார். கதவிடுக்கு வழியாக மனைவிக்குக் கண்ணைக் காட்டினார். டாக்டரம்மா உதவியாளரை வெளியே போகச் சொன்னாள். கதவைச் சாத்தினாள்.

“சம்பந்தி, சாயறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்.”

சொன்னாள். மென்று விழுங்காமல் சொன்னாள். ஊசி முனை முறிந்ததை, அது இன்னும் உள்ளே இருப்பதை, அதற்குக் கீழே சுத்தமாகாத இடத்திலிருந்துதான் இந்த வலி வந்திருக்கிறது என்பதை. படத்தைத் திரையில் போட்டு அந்த வெள்ளைக் கோட்டைக் காட்டினாள்.

சம்பந்தியம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“எங்க ஆலையில ஊசி ஒடைஞ்சா, முழுத் துண்டும் கைக்குக் கிடைக்கிற வரைக்கும் அந்தச் சட்டை மேசையை விட்டு நகராது. எல்லாரும் தரையில உக்காந்து காந்தத்தை வெச்சுத் தேடுவோம். யாரு பெத்த குழந்தையோ போட்டுக்கப்போற சட்டை. நீங்க என்னை அப்படியே வீட்டுக்கு அனுப்பிட்டீங்க.”

டாக்டரம்மாவுக்குச் சுரீர் என்றது. மன்னிச்சுடுங்க என்றாள். கல்யாணத்தை நினைத்துப் பயந்துவிட்டேன் என்றாள். அது காரணம்தான், நியாயம் இல்லை என்பது சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது.

பிறகு செய்யக்கூடியதைச் சொன்னாள். பெரிய நுண்ணோக்கி வைத்திருக்கிற நிபுணர் ஒருவர் இருக்கிறார், துண்டை எடுக்க முயற்சி செய்வார். எடுக்க முடியாவிட்டால் அதையும் சேர்த்து உள்ளேயே மூடிவிடலாம், பலருக்கு வாழ்நாள் முழுக்கத் தொந்தரவு வராது, சிலருக்கு வரலாம். இரண்டும் வேண்டாம் என்றால் பல்லை எடுத்துவிடலாம், என் வீட்டுக்காரர் பக்கத்து அறையில் தயாராக இருக்கிறார்.

அதைக் கேட்டதும் கதவு திறந்தது. குறடு தட்டோடு நின்றார். முகத்தில் அசட்டுச் சிரிப்பு. ஒரு நிமிஷ வேலை சம்பந்தி, வலியே தெரியாது, இந்தத் தலைவலியே வேண்டாம் என்றார். மனைவி சொல்லிவிட்டாள் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் பல் போய்விட்டால் பேச்சும் போய்விடும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தார் பாவம்.

சம்பந்தியம்மா அவரைப் பார்த்தாள். டாக்டரம்மாவைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“நீங்க உங்க தப்பைச் சொல்லிட்டீங்க. நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா நல்லா இருக்காது. எலும்புக்கு ஊசி போட்டுக்கறவங்களுக்குப் பல்லு எடுக்கலாமா?”

குறடு அப்படியே நின்றுவிட்டார். என்ன ஊசி, எத்தனை காலமாக என்று அவர் கேட்ட குரல் அவருடையது மாதிரியே இல்லை. வருஷத்துக்கு ஒரு ஊசி, எலும்பு தேய்ந்துபோனதற்கு, ரொம்ப காலமாகப் போடுகிறார்கள் என்றாள் சம்பந்தியம்மா. மருந்தின் பெயரையும் சொன்னாள்.

அவர் தட்டை மெதுவாக மேசை மேல் வைத்தார். வைத்தபோது உள்ளே கிடந்த சாமான்கள் கலகலவென்று ஆடின. அந்த ஊசி உடம்பெல்லாம் எலும்பைக் காக்கும். ஆனால் தாடையில் பல்லைப் பிடுங்கினால், அந்தக் குழி ஆறாமலே போய்விடலாம், எலும்பே அழுகிப்போகலாம். அவர் பிழைப்பில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. இன்றைக்கு அதைக் கேட்டிருப்பாரா என்று அவரால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சத்தமில்லாமல் காரியத்தை முடிக்கிற அவசரத்தில் எதைத்தான் கேட்டிருப்பார்?

“எடுக்க வேண்டாம். எடுக்கவே கூடாது” என்று மட்டும் சொன்னார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். காலையில் கணவர் சொன்னதற்குத் தலையாட்டியிருந்தால் இந்நேரம் அந்தப் பல் தட்டில் கிடந்திருக்கும். துண்டும் கிடந்திருக்கும். அப்புறம் அந்தக் குழி ஆறாமலே போயிருக்கலாம்.

“நான் கேட்டேனே சம்பந்தி. எதாவது மருந்து, ஊசி உண்டான்னு.”

“கேட்டீங்க. நான்தான் மறைச்சேன். எத்தனை வயசுல ஆரம்பிச்சீங்கன்னு அடுத்த கேள்வி வரும்னு.” கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு அறுபத்தொண்ணு இல்லை. எழுபத்திமூணு.”

அந்தப் பல்லுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. டாக்டரம்மாவுக்குச் சிரிப்புகூட வந்தது. வயசைக் குறைத்துச் சொல்வது உலகத்தில் நடக்காததா, இதற்கா இந்தப் பாடு, என்ன பெண்கள் நாம் இரண்டு பேரும் என்று கிண்டலாக ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எடுத்த வாய் நின்றது.

மாப்பிள்ளைக்கு இருபத்தாறு.

“கணக்குப் போட்டுட்டீங்க” என்றாள் சம்பந்தியம்மா.

இல்லை என்று தலையாட்டினாள் டாக்டரம்மா.

“போட்டுட்டீங்க. கண்ணு நின்னுடுச்சு பாருங்க. இதுக்குத்தான் பயந்தேன். அழகுக்காக வயசைக் குறைச்சேன்னு எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. பண்ணட்டும்னு விட்டுட்டேன். அவன் நான் பெத்தவன் இல்லை. அவனுக்குத் தெரியாது. ஆடிட்டர் பிள்ளை, ஒரு கழித்தல் போதும் அவனுக்கு.”

வெளியே மாப்பிள்ளை யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். அம்மா உள்ளே இருக்கிறார்கள், அப்புறம் கூப்பிடுகிறேன் என்றான்.

சம்பந்தியம்மா டாக்டரம்மாவின் கையைப் பிடித்தாள். தையல் ஊசி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். கல்யாணம் முடியட்டும், நானே அவனை உட்கார வைத்துச் சொல்லிவிடுகிறேன், அதுவரை உங்களோடு இருக்கட்டும் என்றாள். உங்கள் பெண்ணுக்கும் தெரியக்கூடாது, தெரிந்தால் அவனிடம் மறைக்க மாட்டாள், அவள் சுபாவம் அப்படி என்றாள். அது டாக்டரம்மாவுக்குத் தெரியாதா என்ன?

சரி என்று அவள் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. நோயாளி டாக்டரிடம் சொன்னதை டாக்டர் வெளியே சொல்லக்கூடாது. அது தொழில் தர்மம். பெண்ணைக் கொடுக்கிறவள் தெரிந்ததைப் பெண்ணிடம் மறைக்கலாமா? அதற்கு எந்தப் படிப்பில் பதில் இருக்கிறது? முதலில் வலியைக் கவனிக்கலாம் சம்பந்தி என்று நாற்காலியைச் சாய்த்தாள்.

இந்தத் தடவை எழுபத்திமூன்று வயதுப் பல்லுக்குச் செய்கிற மாதிரி செய்தாள். இருப்பதிலேயே மெல்லிய ஃபைல், ஆமை வேகம். மேலடைப்பைத் திறந்ததும் உள்ளே அடைபட்டிருந்த சீழுக்கு வழி கிடைத்தது. துண்டு கிடந்த பக்கம் அவள் போகவே இல்லை. கொஞ்ச நேரத்தில் சம்பந்தியம்மாவின் தோள் தளர்ந்து கீழே இறங்கியது. அம்மாடி என்று பெருமூச்சு விட்டாள்.

வெளியே வந்ததும் டாக்டரம்மா மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டாள். ஊசி முறிந்ததை, அன்றே சொல்லாமல் விட்டதை, எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது என்பதை. மூலையில் நின்ற குறடு கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அம்மாவின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தான். முகம் சுருங்கியது.

“கஷ்டமாத்தான் இருக்கு அத்தை. ஆனா நீங்களே சொன்னீங்க, அது போதும். எங்க வீட்ல நானும் அம்மாவும் ஒருத்தருக்கொருத்தர் எதையும் மறைச்சதில்லை. இந்த வீடும் அப்படித்தான்னு தெரிஞ்சுக்கிட்டேன்.”

சம்பந்தியம்மா கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள்.

நிபுணரின் நம்பரை வாங்கி மாப்பிள்ளை அங்கேயே நின்று போன் போட்டான். அம்மாவின் பெயரைச் சொன்னான். அந்தப் பக்கம் அடுத்த கேள்வி கேட்டிருக்க வேண்டும். “அறுபத்தொண்ணு” என்றான் தெளிவாக. வேறு மருந்து எதுவும் இல்லை என்றும் சொன்னான். குறடு திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார். அந்த டாக்டருக்கு உண்மை தெரிந்தே ஆக வேண்டும், இவர்கள் அவரிடம் போய்ச் சேர்வதற்குள் தனியாகப் போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று டாக்டரம்மா மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். கணவருக்குக் கண்ணால் வேண்டாம் என்றாள். சற்று முன் கதவிடுக்கில் அவர் அவளுக்குக் காட்டிய மாதிரியே ஒரு ஜாடை.

அவள் செல்போன் அடித்தது. மகள்.

“சொல்லிட்டியாம்மா?”

“சொல்லிட்டேன்.”

“கோவிச்சுக்கிட்டாங்களா?”

“இல்லை. ரெண்டு பேரும் நல்லபடியாத்தான் எடுத்துக்கிட்டாங்க.”

அந்தப் பக்கம் மகள் விட்ட மூச்சு இங்கே கேட்டது. பாரம் இறங்கியதும் பிள்ளைக்குக் குரலே மாறிவிட்டது. காலையில் பேசாமல் போனதற்கு வருத்தப்பட்டாள், உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது என்றாள். “இப்பதாம்மா நிம்மதி. இனிமே அந்த வீட்டுக்கும் நமக்கும் நடுவுல மறைக்கறதுக்கு ஒண்ணுமே இல்லை, இல்லையா?”

எதிரே மாப்பிள்ளை அம்மாவுக்குச் செருப்பை நேராகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். சம்பந்தியம்மா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, அவன் தலைக்கு மேலாக டாக்டரம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீ சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டாள் டாக்டரம்மா.